கையை எடுத்த பிறகு என்ன ஆகிறது?

ஆங்கில–தமிழ் அகராதியில் ‘ஃப்ளெக்ஸிபிள்’ என்று தேடினால் ‘நெகிழ்வான, வளையக்கூடிய’ என்று வரும். ‘பிளையபிள்’ என்று தேடினாலும் ஏறக்குறைய அதுதான். ‘சப்பிள்’, ‘எலாஸ்டிக்’, ‘ரிஸிலியன்ட்’ எதைத் தேடினாலும் நெகிழ்வு தலைகாட்டாமல் போகாது. அகராதியைக் குறை சொல்வதற்கில்லை. ஒரு வரிக்குள் அதற்கு மேல் சொல்ல இடமில்லை. ஆனால் அந்த ஒரு வரியை நம்பி மலேசியாவின் இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் கட்டுரை எழுதும் பிள்ளை, தன் அப்பாவை ‘பிளையபிள்’ மனிதர் என்று புகழ்கிறது. விட்டுக்கொடுத்துப் போகிறவர் என்று சொல்லத்தான் ஆசை. படிக்கிற ஆங்கில ஆசிரியருக்கோ, ‘யார் வளைத்தாலும் வளைகிற ஆள்’ என்றுதான் தோன்றும்.

இந்தச் சொற்களைப் பிரித்தறிய ஒரே ஒரு சோதனை போதும். பொருளை அழுத்துங்கள், இழுங்கள், வளையுங்கள். பிறகு கையை எடுத்துவிட்டுப் பாருங்கள். பழைய நிலைக்குத் திரும்புகிறதா? திரும்பினால் மெதுவாகவா, வெடுக்கென்றா? திரும்பவில்லை என்றால் புதிய வடிவத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதா, துவண்டு விழுகிறதா? ஆங்கிலப் பெயரடைகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிரிகின்றன. எவ்வளவு மிருதுவாக இருக்கிறது என்பது அதற்கு அடுத்த கேள்வி.

பினாங்கில் நாசி கண்டார் சோற்றுக் கடையில் கட்டித் தருகிற ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொள்வோம். அதைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம் ‘எலாஸ்டிக்’: இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். ‘ஸ்ட்ரெச்சி’ என்றும் சொல்லலாம், ஆனால் அந்தச் சொல் நீள்வதைத்தான் முன்னே வைக்கிறது, சுருங்குவதைக் கேட்பவரின் ஊகத்துக்கு விடுகிறது. உள்ளே வாழையிலை இருந்தால் அது ‘பிளையபிள்’. பச்சை இலையை அப்படியே மடித்தால் நரம்போடு கிழியும். அனலில் ஒருமுறை வாட்டினால் பதமாகி, மடித்த மடிப்பில் கிடக்கும். திரும்பி எழாது, எழவும் கூடாது. வாட்டுவதற்கு முன் அந்த இலைக்குப் பெயர் ‘பிரிட்டில்’ இல்லை. அது உலர்ந்து நொறுங்குகிற பொருளுக்கு உரியது. பச்சை இலையை ‘ஸ்டிஃப்’ என்று சொல்லலாம். கறிக்குழம்பு ஊற்றிய பை ‘ஃப்ளெக்ஸிபிள்’: எப்படிப் பிடித்தாலும் அப்படி ஆகும், உடையாது. திரும்புமா திரும்பாதா என்பதைப் பற்றி ‘ஃப்ளெக்ஸிபிள்’ வாய் திறப்பதில்லை. அந்தச் சொல் எல்லா இடத்திலும் நுழைந்துவிடுவதற்குக் காரணம் இதுவே. ஐயம் இருந்தால் அதை எழுதுங்கள், தவறாகாது. துல்லியமும் கிடைக்காது.

மலேசியத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு, தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இல்லாதது. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போகும்போது இயற்பியல் மலாயில் வருகிறது. எலாஸ்டிக் தன்மைக்கு அங்கே சொல் ‘கெகென்யாலான்’. ‘கென்யால்’ என்பதோ பாசாரில், அதாவது சந்தையில், மீன் உருண்டைக்கும் குவே என்ற பலகாரத்துக்கும் சொல்கிற சொல். பல்லுக்கு இடையில் எதிர்த்து எம்புவது. ஆகவே மாணவர் மனத்தில் எலாஸ்டிக்கும் மெல்லும் பதமும் ஒன்றாக ஒட்டிக்கொள்கின்றன. ஆங்கிலத்தில் மீன் உருண்டையை ‘எலாஸ்டிக்’ என்று எழுதினால் இயற்பியல்படி பிழையில்லை, சாப்பாட்டு மேசையில் பிழை. அங்கே ‘ஸ்பிரிங்கி’ அல்லது ‘பவுன்ஸி’ என்பதே வழக்கு.

இயற்பியலின் எலாஸ்டிக்கும் தெருவின் எலாஸ்டிக்கும் வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். தெருவில் எலாஸ்டிக் என்றால் நிறைய நீள்வது. ஆய்வகத்தில் எலாஸ்டிக் என்றால் விசையை எடுத்ததும் பழைய வடிவுக்கு மீள்வது, நீளம் கூடியது மயிரிழையாக இருந்தாலும் சரி. கண்ணாடிகூட உடைகிற நொடி வரைக்கும் எலாஸ்டிக்தான். எஃகுக் கம்பி தன் நீளத்தில் நூற்றில் ஒரு பங்கு நீள்வதற்குள் மீளும் எல்லையைத் தாண்டிவிடும். நல்ல ரப்பர் ஐந்து மடங்குக்கு மேல் நீண்டும் மீளும். ராபர்ட் ஹூக் 1678-இல் விளக்கிய விதி இரண்டுக்கும் பொருந்தும், எஃகுக்கு நன்றாக, ரப்பருக்குச் சிறு நீட்சி வரை மட்டும். ரப்பரை மேலும் மேலும் இழுத்தால் நேர்கோடு வளைந்துவிடும். அறிவியல் தாளில் எழுதும்போது ‘அதிகம் நீள்கிறது, ஆகவே அதிக எலாஸ்டிக்’ என்று எழுதிவிடக் கூடாது.

தமிழில் இந்த வேறுபாடுகள் இல்லை என்று சிலர் சொல்வதுண்டு. ஒப்புக்கொள்ள முடியாது. நாம் அவற்றைப் பெயரடையில் வைக்கவில்லை, வினையில் வைத்திருக்கிறோம். வில் வளையும், கொடி துவளும், மாவு குழையும், ஜவ்வு இழுபடும், பந்து துள்ளும், மெத்தை எம்பும், கயிறு தொய்யும், தாள் மடங்கும். ஆங்கிலச் சொல்லைத் தேடுவதற்கு முன் தமிழ் வினையைப் பிடியுங்கள். வினை கையில் கிடைத்தால் பெயரடை தானாக வரும். தொய்ந்தால் ‘ஸ்லாக்’. எம்பினால் ‘ஸ்பிரிங்கி’. துள்ளினால் ‘பவுன்ஸி’. துவண்டால் மட்டும் சற்று நின்று யோசிக்க வேண்டும், அதற்கு இரண்டு வழி. வாடிய கீரை துவண்டால் ‘லிம்ப்’, அது குறை. ஆடுகிறவளின் இடை துவண்டால் ‘லைத்’ அல்லது ‘சப்பிள்’, அது அழகு. கொடியிடை என்று நாம் சொல்லுமிடத்தில் ஆங்கிலம் ஆற்றங்கரை வில்லோ மரத்தைக் கூப்பிடுகிறது: ‘வில்லோயி’. உயரமும் மெலிவும் சேர்ந்திருந்தால்தான் அந்தச் சொல். குட்டையானவருக்குப் போட முடியாது.

இன்னொரு வழி இலக்கண வகுப்பில் படித்த தன்வினை, பிறவினை. ‘ஏபிள்’, ‘இபிள்’ என்று முடிகிற சொற்கள் பிறவினைப் பக்கம்: பிளையபிள் என்றால் வளைக்கத்தக்கது, மேலியபிள் என்றால் அடித்து உருவாக்கத்தக்கது. யாரோ ஒருவர் கை அங்கே வேண்டும். ‘பிளையன்ட்’, ‘ரிஸிலியன்ட்’ போல முடிகிறவையும் ‘ஸ்பிரிங்கி’, ‘பவுன்ஸி’ போல முடிகிறவையும் தன்வினைப் பக்கம்: பொருளே வளைகிறது, பொருளே திரும்பிப் பாய்கிறது. மனிதர்களைப் பற்றி எழுதும்போது இது மிகவும் உதவும். பிளையபிள் மனிதர் பிறர் கையில் இருப்பவர். ரிஸிலியன்ட் மனிதர் தன் காலில் எழுபவர். ‘ஃப்ளெக்ஸிபிள்’ மட்டும் இந்தக் கணக்குக்கு விலக்கு. மனிதருக்குச் சொன்னால் அது தானே இணங்கிப் போகிறவர் என்று நல்ல பொருள் தரும். அந்த அப்பாவுக்கு எழுதியிருக்க வேண்டிய சொல் அதுதான்.

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ என்பதை ஆங்கிலத்தில் விளக்கச் சொன்னால் பலரும் ‘ஃப்ளெக்ஸிபிள்’ என்றே எழுதுகிறார்கள். ‘மெலெந்துர் புலு பியார்லா டாரி ரெபொங்ஞ’ என்ற மலாய்ப் பழமொழியும் இதையே சொல்கிறது: மூங்கிலை வளைப்பதானால் குருத்திலேயே வளை. இரண்டிலும் வளைத்தது வளைந்தபடி நிற்க வேண்டும் என்பதுதான் கருத்து. ஐந்து வயதில் பழக்கிய நல்ல பழக்கம் கையை எடுத்ததும் வெடுக்கென்று நிமிர்ந்துவிட்டால் பழக்கியதற்குப் பயனில்லை. ஆகவே ‘எலாஸ்டிக்’ நேர் எதிர்ப்பொருள் தரும். ‘ஃப்ளெக்ஸிபிள்’ பாதிதான் சொல்லும். பொருந்துவது ‘மேலியபிள்’. பிள்ளை மனத்துக்கு ஆங்கிலத்தில் பழகிய சொல்லும் அதுவே, இழிவுப் பொருளும் இல்லை. வளர்ந்தவர் மனத்துக்கு அதைப் போட்டால் மட்டும் வாடை மாறும்.

‘மேலியபிள்’ லத்தீன் மொழியின் சுத்தியலிலிருந்து வந்த சொல். பத்தர் தங்கத்தைத் தட்டித் தகடாக்குவது அது. அதே தங்கத்தைக் கம்பியச்சில் நுழைத்து இழுத்துக் கம்பியாக்குவது ‘டக்டைல்’. தங்கம் இரண்டும் செய்யும். ஈயம் தட்டினால் நன்றாகப் பரவும், கம்பியாக இழுத்தால் அறுந்துபோகும், ஆகவே மேலியபிள் உண்டு, டக்டைல் குறைவு. ‘பிளாஸ்டிக்’ என்ற பெயரடையும் இந்தக் குடும்பம்தான்: பிசைந்த வடிவில் நிற்பது. பிளாஸ்டிக் சர்ஜரிக்கு நெகிழிப் பையோடு உறவில்லை. 1907-இல் பேக்லைட் பிறப்பதற்கு முன்பே, உருவமைத்தல் என்ற பொருளில் அந்த மருத்துவப் பெயர் வழக்கில் வந்துவிட்டது.

இச்சொற்களில் நான்கைந்தை ஒரே மாவில் தொட்டுப் பார்க்க வேண்டுமானால் ரொட்டி சானாய் பிசையலாம். 500 கிராம் கோதுமை மாவுக்குச் சுமார் 290 மில்லி தண்ணீர், ஒரு தேக்கரண்டி உப்பு, கொஞ்சம் நெய். பத்து நிமிடம் பிசைந்ததும் உடனே வீசிப் பாருங்கள். இழுத்த இழுப்புக்குத் திரும்பச் சுருங்கும், ஓரத்தில் கிழியும். அந்த நிலைக்குப் பெயர் ‘எலாஸ்டிக்’. மாவிலுள்ள குளூட்டனின் என்ற புரதம்தான் அப்படித் திரும்ப இழுக்கிறது. கிளையடின் என்ற மற்றொன்று நீள இடம் கொடுக்கிறது. உருண்டைகளாக்கி, நெய்யோ மார்ஜரினோ தாராளமாகத் தடவி, நான்கு மணி நேரமாவது மூடி வைத்தால் பின்னிய முறுக்கு தளரும். அப்போது அது ‘சப்பிள்’. மெல்லிய துணிபோல விரியும், விரிந்தபடி கிடக்கும். ரொட்டி சுடுகிறவர்களின் ஆங்கிலத்தில் இதற்கு ‘எக்ஸ்டென்ஸிபிள்’ என்ற தனிச்சொல் உண்டு: நீள்வது, ஆனால் மீளாதது. தண்ணீர் கூடிவிட்டாலோ, வெயில் நாளில் அளவுக்கு மீறி ஊறிவிட்டாலோ கையில் வழியும், ஓட்டை விழும். அது ‘ஸ்லாக்’. குளிர்பெட்டியில் இரவு வைத்து எடுத்தவுடன் வீசினால் மறுபடி ‘ஸ்டிஃப்’. அறை வெப்பத்துக்கு வந்த பிறகே சப்பிளாகும். மாவு ஒன்றுதான், நேரமும் தண்ணீரும் மாறினால் பெயரடை மாறிவிடுகிறது.

மீன் உருண்டை இன்னும் கண்டிப்பான ஆசிரியர். பாராங் மீனின் சதையைக் கரண்டியால் சுரண்டி எடுத்து, 500 கிராமுக்கு 10 முதல் 12 கிராம் உப்பு சேர்த்து, பனிநீர் சிறிது சிறிதாக விட்டு, ஒரே திசையில் பிசைந்து, பாத்திரத்தில் ஓங்கி ஓங்கி அறைய வேண்டும். உப்பு மயோசின் என்ற புரதத்தைக் கரைத்து வெளியே கொண்டுவருகிறது, அதுதான் பின்னிக்கொண்டு எம்பும் வலையாகிறது. பிசையும்போது மாவு சூடேறக் கூடாது, 10 டிகிரி ஒட்டியே இருக்கட்டும். சூடேறினால் வலை பின்னுவதற்கு முன்பே புரதம் கெட்டு, உருண்டை பொடிப்பொடியாக உதிரும். அதற்கு ஆங்கிலம் ‘கிரம்ப்ளி’. உருட்டியதை உப்புநீரில் அரைமணி ஊறவிட்டு, கொதி வராமல் சுடுநீரில் வேகவைத்து, மிதந்ததும் எடுக்க வேண்டும். 50, 60 டிகிரியில் நெடுநேரம் தவிக்க விட்டால் மீனிலேயே உள்ள நொதிகள் வலையை அறுத்துவிடும். அப்போது ‘மஷி’. சரியாக வந்தது ‘ஸ்பிரிங்கி’ அல்லது ‘பவுன்ஸி’. மாவுச்சத்து கூடினாலோ, கொதிக்கக் கொதிக்க வெந்தாலோ ‘ரப்பரி’.

ஸ்பிரிங்கியும் ரப்பரியும் பல்லுக்கு ஏறக்குறைய ஒரே அனுபவம்தான். முதலாவது பாராட்டு, இரண்டாவது புகார். ‘சூயி’ நடுவில் நிற்கிறது: மீ நூடுல்ஸுக்கும் குவேக்கும் பாராட்டு, ஆட்டிறைச்சிக்குப் புகார். கணவாயை ரப்பரி என்று சொன்னால் சமைத்தவர் நேரம் தவறிவிட்டார் என்று பொருள். இரண்டு நிமிடத்தில் இறக்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் முக்கால் மணி நேரம் மெல்லிய தீயில் விட்டிருக்க வேண்டும். சீனர் கடைகளில் இந்த எம்பும் பதத்துக்கு ‘கியூ’ என்றோ ‘கியூகியூ’ என்றோ சொல்வார்கள், பாராட்டாகவே. ஆங்கிலத்தில் அதற்கு நேர்ச்சொல் இல்லை. மொழிபெயர்க்கும்போது ‘ஸ்பிரிங்கி’ போட்டு, பக்கத்தில் ‘சூயி’ சேர்த்தால் ஓரளவு வரும்.

‘ஸ்பஞ்சி’ என்பதை நம்மவர்கள் கொஞ்சம் தாராளமாகவே செலவழிக்கிறார்கள். இட்லி பஞ்சு மாதிரி என்று சொல்வதை அப்படியே மாற்றியது அது. அப்பத்துக்கும் கேக்குக்கும் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் ஆங்கிலத்தில் ஸ்பஞ்சிக்கு ஊறிப்போன, உறுதி கெட்ட என்ற நிழல் உண்டு: ஸ்பஞ்சி மரம் உளுத்த மரம், ஸ்பஞ்சி பிரேக் என்றால் பிரேக் எண்ணெயில் காற்றுப் புகுந்து, மிதித்தால் பொதபொதவென்று இறங்குகிற பிரேக். வண்டி பட்டறையில் அந்தச் சொல்லைச் சொன்னால் காற்றை வெளியேற்ற வேண்டும் என்று உடனே புரிந்துகொள்வார்கள். இட்லிக்கு ‘லைட்’, ‘ஃப்ளஃபி’ இருக்கின்றன.

உடம்பைப் பற்றிய சொற்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ‘சப்பிள்’ தோலுக்கும் மூட்டுக்கும் மணிக்கட்டுக்கும் பொருந்தும். எண்ணெய் போட்டு மீண்ட பழைய தோல்செருப்புக்கும் பொருந்தும். வறண்டு விறைக்காதது என்ற நலம் அதற்குள் இருக்கிறது. மண்டியிடுகிறவனைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்தும் அந்தப் பணிவு இன்று அதில் அநேகமாக இல்லை. ‘லிம்பர்’ ஆட்டத்துக்கு முன் உடம்பை இளக்கிக்கொண்டவர். ‘லைத்’ என்பதன் கடைசி ஒலி ‘மதம்’ என்பதில் வரும் தகரம்போல மெலிந்தது, அழுத்திச் சொல்லக் கூடாது. ‘சப்பிள்’ என்பதை ‘சூப்பிள்’ என்று படிப்பவர்கள் நிறையப் பேர். ‘கப்’ என்பதில் வரும் உயிரொலிதான் அதிலும்.

‘ரிஸிலியன்ட்’ செய்தித்தாளில் அதிகம் அடிபடுகிறது, அதனால் பொருள் தேய்ந்து வருகிறது. மலாயில் ‘பெர்டாயா தாஹான்’ என்று படித்த பழக்கத்தில் பலர் அதைத் தாங்கும் சக்தி என்று எடுத்துக்கொள்கிறார்கள். தாங்குவது வேறு. கருங்கல் தாங்கும், அதை ரிஸிலியன்ட் என்று யாரும் சொல்வதில்லை, ‘டியூரபிள்’ என்பார்கள். ரிஸிலியன்ட் என்றால் அடிபட்டு, அமுங்கி, பிறகு திரும்ப எழுவது. அமுங்கியது தெரிய வேண்டும். மூலச்சொல்லே ‘திரும்பிப் பாய்தல்’தான்.

ரப்பர் பொறியாளர்களுக்கு இது இன்னும் கூர்மையான அளவை. பந்தை மேலிருந்து விட்டால் கொடுத்த ஆற்றலில் எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்பதே அவர்களுடைய ரிஸிலியன்ஸ். இயற்கை ரப்பர் பெரும்பகுதியைத் திருப்பித் தரும். டயர் டியூபுக்குப் போடும் பியூட்டில் ரப்பர் அறை வெப்பத்தில் அதிகத்தை விழுங்கிவிடும், பந்தாக உருட்டிப் போட்டால் ‘பொத்’தென்று கிடக்கும். அப்படிப்பட்டதை ஆங்கிலத்தில் ‘டெட்’ என்பார்கள், துள்ளுவதை ‘லைவ்லி’. இப்போது பத்து மாவுங்கையும் பத்து காவானையும் இணைக்கிற பினாங்கின் இரண்டாம் பாலத்தை நினைத்துப் பாருங்கள். 24 கிலோமீட்டர் நீளம், 2014 மார்ச்சில் திறந்தார்கள். நிலநடுக்க அதிர்வைக் குறைக்க அதன் அடியில் வைத்திருப்பவை அதிர்வை விழுங்கும் இயற்கை ரப்பர்த் தாங்கிகள். திருப்பித் தரும் ஆற்றல் குறையும்படி வேண்டுமென்றே கலந்து செய்த ரப்பர் அது. பாலம் ரிஸிலியன்டாக இருக்க, அதன் ரப்பர் குறைந்த ரிஸிலியன்ஸ் உடையதாக இருக்க வேண்டும். ஒரே சொல், பத்திரிகையில் ஒரு பொருள், ஆய்வகத்தில் வேறு பொருள். எங்கே எழுதுகிறோம் என்று பார்த்து எழுத வேண்டும்.

கித்தாக் காட்டில், அதாவது ரப்பர்த் தோட்டத்தில், வளர்ந்த தலைமுறைக்கு இவை எல்லாமே கையில் பழகியவை. மரத்தில் கட்டிய மங்கு என்ற கிண்ணத்தில் வடிந்த பால் நீர்மம். மறுநாள் மரப்பட்டையில் உரிக்கும் ஒட்டுப்பால் இழுபடும், முழுதாக மீளாது. பச்சை ரப்பர் பாதி எலாஸ்டிக், பாதி பிளாஸ்டிக். மலேசியத் தர ரப்பருக்குச் செய்யும் சோதனைகளில் ஒன்றே பிளாஸ்டிக் தன்மையை அளப்பதுதான்: 140 டிகிரியில் 30 நிமிடம் வைத்து, அதற்குப் பிறகு அந்தத் தன்மை எத்தனை விழுக்காடு மிஞ்சுகிறது என்று பார்ப்பார்கள். 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்தபடி கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால்தான் அது நம்பத்தக்க எலாஸ்டிக் ஆகும். நூறு பங்கு ரப்பருக்கு ஒன்றிலிருந்து மூன்று பங்கு கந்தகம் போதும். முப்பது பங்கு போட்டால் எபனைட், பழைய மைப்பேனாக்களின் உடல். ரப்பர்தான் அது, ஆனால் ‘ரிஜிட்’. ரப்பரி என்று சொல்ல அதில் எதுவும் இல்லை.

அப்படிச் செய்த ரப்பரும் நிலைப்பதில்லை. வெயிலும் உயிர்வளியும் ஓசோனும் பட்டுப் பட்டு, சில ஒட்டும் பதத்துக்கு இளகும், சில இறுகி வெடிக்கும். நாம் ‘ரப்பர் செத்துப்போச்சு’ என்கிறோம். ஆங்கிலத்தில், குறிப்பாகப் பிரிட்டிஷ் வழக்கில், இதற்கென்றே ஒரு பெயரடை உண்டு: ‘பெரிஷ்ட்’. பாடப்புத்தகத்தில் அது அழிந்துபோன, மாண்டுபோன என்று மட்டும் கிடைக்கும். குக்கர் மூடியின் வளையத்தைக் கழற்றி, இரண்டு விரலால் மடித்து, வெளிவளைவைப் பாருங்கள். முடிபோல நுண்வெடிப்புகள் தெரிந்தால் அது பெரிஷ்ட், மாற்ற வேண்டும். வெடிப்பில்லாமல் விறைப்பாக மட்டும் இருந்தால் ‘ஹார்டன்ட்’, அதுவும் ஆவியை அடைக்காது. கால்சட்டை இடுப்புப் பட்டை தொளதொளத்துப் போனதற்கு இரண்டும் ஒத்துவராது. அங்கே பெயரடையே வேண்டாம், ‘தி எலாஸ்டிக் ஹாஸ் கான்’ என்றால் தையல் கடைக்காரருக்குப் புரியும்.